ஹாஷ் அட்டவணையில் திறவுகோல்களின் வரிசை: சொல்லடைவு ஆய்வு நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

சொற்களை எண்ணவும் சொல்லடைவுகளை உருவாக்கவும் பயன்படும் நிரல்கள் பெரும்பாலும் ஹாஷ் அட்டவணை என்னும் தரவுக் கட்டமைப்பைச் சார்ந்துள்ளன. அவ்வட்டவணையிலுள்ள திறவுகோல்களையும் மதிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுக்கும்போது அவை எந்த வரிசையில் வெளிவரும் என்பது நிரல்மொழிக்கு நிரல்மொழியும், அதன் பதிப்புக்குப் பதிப்பும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களையும் வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது. வரிசை என்பது சேமிக்கப்பட்ட தரவின் இயல்பன்று. நிரல்மொழி அளித்த உறுதியின் விளைவே என்பதையும், அவ்வுறுதி இல்லாதவிடத்து ஆய்வாளரே வரிசையை வெளிப்படையாக வரையறுக்க வேண்டும் என்பதையும் இது நிறுவ முயல்கிறது. தமிழ் அகர வரிசைக்கும் யூனிகோடு குறியெண் வரிசைக்கும் உள்ள முரணும் இங்கு ஆராயப்படுகிறது.

குறிச்சொற்கள்: ஹாஷ் அட்டவணை, திறவுகோல், மதிப்பு, வருகை வரிசை, அகர வரிசை, சொல்லடைவு, யூனிகோடு

முன்னுரை

தமிழில் சொற்பொருள் நூல்களின் வரலாறு ஒருவகையில் வரிசைமுறையின் வரலாறாகும். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் சொற்களைப் பொருள் வகையால் தொகுத்தன. நூலை மனப்பாடம் செய்தவருக்கே அதில் ஒரு சொல்லின் இடம் புலப்படும். 1594-இல் ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் அடிப்படையில் அடுக்கியது. 1732-இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அம்முறையை மேலும் செம்மைப்படுத்தியது. அகரத்தை ஆதியாக உடையது என்னும் பொருளில் அமைந்த 'அகராதி' என்ற பெயரே ஒரு வரிசைமுறையின் பெயர்தான்.

பைத்தான் நிரல்மொழியில் 'டிக்ஷனரி' எனப்படும் தரவுக் கட்டமைப்பைத் தமிழில் அகராதி என்று மொழிபெயர்ப்பதுண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய செய்தியைத் திருப்பித் தரும் என்ற அளவில் அப்பெயர் பொருந்தும். ஆயினும் அகர வரிசை என்பது அக்கட்டமைப்பில் இல்லை. நீண்ட காலம் அதற்கு எவ்வகை வரிசையும் உறுதியாக இருந்ததில்லை. பெயர் தரும் எதிர்பார்ப்புக்கும் கருவியின் இயல்புக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே ஆய்வுகளில் பிழை நுழையும் வாயிலாகிறது. அதனைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஹாஷ் அட்டவணையின் அடிப்படை

ஒரு நூலில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு சொல்லும் திறவுகோல். அதன் வருகை எண்ணிக்கை மதிப்பு. நிரல் ஒரு சொல்லைப் படிக்குந்தோறும் அச்சொல் முன்பே பதிவாகியுள்ளதா என்று தேட வேண்டும். பட்டியலைத் தொடக்கத்திலிருந்து தேடினால், ஓர் இலட்சம் சொற்கள் கொண்ட நூலுக்குத் தேடுதலே பெருஞ்சுமையாகிவிடும்.

இச்சுமையைத் தவிர்க்கும் வழி 1950-களில் உருவானது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய உள்சுற்றுக் குறிப்பில் இக்கருத்தை முன்வைத்தார். 1956-இல் ஆர்னால்டு டூமியும் 1957-இல் வெஸ்லி பீட்டர்சனும் இதனை அச்சில் விளக்கினர். 1968-இல் ராபர்ட் மாரிஸ் எழுதிய கட்டுரையின் தலைப்பு இதனைச் 'சிதறல் சேமிப்பு' என்றே குறித்தது.

கருத்து எளியது. சொல்லின் எழுத்துகளுக்குரிய குறியெண்களைக் கொண்டு ஒரு கணக்கைச் செய்து ஓர் எண்ணைப் பெறுதல். அவ்வெண்ணால் சுட்டப்படும் அறையில் சொல்லையும் அதன் மதிப்பையும் வைத்தல். மீண்டும் அச்சொல்லைத் தேடும்போது அதே கணக்கைச் செய்தால் அதே அறை கிடைக்கும். பிற அறைகளைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. சொற்கள் எல்லா அறைகளிலும் சமமாகச் சிதறும்போதுதான் இம்முறை விரைந்து இயங்கும். ஆகவே, அடுத்தடுத்த சொற்களை அடுத்தடுத்த அறைகளில் வைப்பது இதன் நோக்கமன்று, சிதறடிப்பதே நோக்கம்.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். 'இச்சொல் எங்கே உள்ளது' என்ற வினாவுக்கு ஹாஷ் அட்டவணை உடனே விடையளிக்கும். 'இச்சொல்லுக்கு அடுத்த சொல் எது' என்ற வினாவுக்கு அதனிடம் பொருளுடைய விடை இல்லை. எல்லாச் சொற்களையும் பட்டியலிடச் சொன்னால், அறைகளை எண் வரிசைப்படி திறந்து, உள்ளதை உள்ளவாறு எடுத்துத் தரும். அவ்வாறு கிடைக்கும் வரிசை சொற்களின் பொருளையோ, ஒலியையோ, நூலில் அவை வந்த முறையையோ காட்டுவதன்று.

2. ஓரெழுத்து ஒருமொழிகளைக் கொண்டு ஒரு கணக்கு

நன்னூல் கூறும் நாற்பத்திரண்டு ஓரெழுத்து ஒருமொழிகளில் கை, தீ, நா, பூ, மா, வா ஆகிய ஆறினை எடுத்துக்கொள்வோம். இவ்வாறும் இங்கு அகர வரிசையிலேயே தரப்பட்டுள்ளன. ஜாவா நிரல்மொழியின் எட்டாம் பதிப்பு முதல் 'ஹாஷ்மேப்' என்னும் அட்டவணையில் இவை எவ்வாறு அமைகின்றன என்பதைக் கையாலேயே கணக்கிடலாம்.

யூனிகோடு முறையில் 'கை' என்பது ககரத்துக்குரிய 2965, ஐகாரக் குறிக்குரிய 3016 என்னும் இரு குறியெண்களின் தொடராகும். முதல் எண்ணை 31-ஆல் பெருக்கி இரண்டாம் எண்ணைக் கூட்டுவது ஜாவாவின் விதி. அவ்வாறு 'கை' என்னும் சொல்லுக்கு 94931 கிடைக்கிறது. இதனை 65536-ஆல் வகுக்கக் கிடைக்கும் ஈவு 1. இருமக் கணக்கில் அந்த ஒன்றை மூல எண்ணுடன் கலக்கும்போது, ஒற்றைப்படை எண்ணில் ஒன்று குறையும். இரட்டைப்படை எண்ணில் ஒன்று கூடும். எனவே 94930 கிடைக்கிறது. தொடக்கத்தில் அட்டவணையில் 0 முதல் 15 வரை 16 அறைகள் உள்ளன. 94930-ஐ 16-ஆல் வகுக்க மீதி 2. ஆதலால் 'கை' இரண்டாம் எண்ணுள்ள அறைக்குச் செல்கிறது.

இவ்வாறே கணக்கிட்டால், தீ 13-ஆம் அறைக்கும், நா 7-ஆம் அறைக்கும், பூ 9-ஆம் அறைக்கும், மா 1-ஆம் அறைக்கும், வா 8-ஆம் அறைக்கும் செல்லும். அறைகளை எண் வரிசையில் திறந்தால் சொற்கள் மா, கை, நா, வா, பூ, தீ என வெளிவரும். இது அகர வரிசையன்று. நாம் உள்ளிட்ட வரிசையுமன்று.

இனி, இதே அட்டவணையில் வேறு சொற்களையும் சேர்ப்போம். அறைகளில் முக்கால் பங்கைவிடச் சொற்கள் மிகும்போது, அதாவது பதின்மூன்றாவது சொல் நுழையும்போது, அட்டவணை 32 அறைகளாக விரிகிறது. மீதி காணும் வகுஎண் இப்போது 32. அதனால் மா 17-ஆம் அறைக்கும், கை 18-ஆம் அறைக்கும், நா 23-ஆம் அறைக்கும், பூ 25-ஆம் அறைக்கும், தீ 29-ஆம் அறைக்கும் பெயர்கின்றன. வா மட்டும் 8-ஆம் அறையிலேயே தங்குகிறது. விளைவாக, நமது ஆறு சொற்களும் தமக்குள் வா, மா, கை, நா, பூ, தீ என்னும் புதிய வரிசையைப் பெறுகின்றன. நான்காவதாக நின்ற 'வா' முதலிடத்துக்கு வந்துவிட்டது. அச்சொல்லில் யாதொரு மாற்றமும் இல்லை. பிற சொற்கள் வந்து சேர்ந்தமையே காரணம்.

'வை' என்னும் சொல்லைச் சேர்த்தால் வேறொரு நிலை தோன்றும். அதன் கணக்கும் 16 அறைகளில் 2-ஆம் அறையையும், 32 அறைகளில் 18-ஆம் அறையையுமே காட்டுகிறது. அங்கு முன்பே 'கை' உள்ளது. இதனை மோதல் என்பர். மோதும் சொற்களை ஒரே அறையில் சங்கிலிபோல் பிணைத்து வைப்பது ஒரு தீர்வு. அச்சங்கிலிக்குள் எது முன், எது பின் என்பதை எது முதலில் வந்தது என்பது முடிவு செய்கிறது. ஆகவே, ஒரே சொற்தொகுதியைக் கொண்ட இரண்டு அட்டவணைகள்கூட, சொற்கள் நுழைந்த முறை வேறாயின், வெவ்வேறு வரிசையைக் காட்டலாம்.

3. வரிசை திட்டமிட்டுக் குலைக்கப்பட்டமை

மேற்கண்ட கணக்கு எத்தனை முறை செய்தாலும் மாறாது. ஒரே நிரலை ஒரே தரவின்மீது இன்று இயக்கினாலும் நாளை இயக்கினாலும் ஒரே வரிசையே கிடைக்கும். இந்த நிலைபேறு நிரலாளர்களுக்கு ஒரு மயக்கத்தை அளித்தது. ஆவணங்கள் 'வரிசைக்கு உறுதியில்லை' என்று கூறிய போதிலும், கண்முன் மாறாது தோன்றிய வரிசையை அவர்கள் நம்பத் தொடங்கினர்.

அம்மயக்கத்தைக் கலைத்தது பாதுகாப்புச் சிக்கலாகும். கணக்கின் விதி வெளிப்படையாக இருப்பதால், ஒரே அறைக்குச் செல்லும் திறவுகோல்களை ஒருவர் வேண்டுமென்றே உருவாக்கி ஓர் இணையச் சேவையகத்துக்கு அனுப்ப இயலும். பத்தாயிரம் திறவுகோல்கள் ஒரே சங்கிலியில் சேர்ந்தால், ஒவ்வொன்றையும் சேர்ப்பதற்கு முன்னுள்ளவை அனைத்துடனும் ஒப்பிட வேண்டும். மொத்த ஒப்பீடுகள் ஏறத்தாழ ஐந்து கோடியாகும். சேவையகம் செயலிழக்கும். ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் ஆகிய இருவரும் 2003-இல் இத்தாக்குதலை ஆய்வுக் கட்டுரையாக விளக்கினர். 2011 திசம்பரில் பெர்லினில் நடைபெற்ற மாநாட்டில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியன் வெல்டெ ஆகியோர் பிஎச்பி, ஜாவா, பைத்தான் உள்ளிட்ட பல மொழிகளில் இக்குறை நீடிப்பதைக் காட்டினர்.

தீர்வாக, நிரல் தொடங்கும்போதெல்லாம் சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்படும் ஒரு மறையெண்ணைக் கணக்கில் கலக்கும் முறை பரவியது. பெர்ல் 2003-இல் இதன் தொடக்க வடிவத்தை ஏற்றது. 2013-இல் வெளிவந்த 5.18 பதிப்பில், ஒரே இயக்கத்துக்குள் ஒரே திறவுகோல்களைக் கொண்ட இரு அட்டவணைகள்கூட வெவ்வேறு வரிசை காட்டும் நிலையை உருவாக்கியது. பைத்தான் 2012-இல் வெளிவந்த 3.3 பதிப்பில் சரங்களுக்கான மறையெண் கலப்பை இயல்புநிலையாக்கியது. அதன்பின் ஒரே நிரலை இருமுறை இயக்கினால் இருவேறு வரிசைகள் கிடைக்கலாயின.

கோ நிரல்மொழி வேறொரு காரணத்துக்காக இவ்வழியை மேற்கொண்டது. 2012-இல் வெளிவந்த அதன் முதல் நிலைப் பதிப்பிலிருந்து, அட்டவணையை வலம்வரும் ஒவ்வொரு முறையும் தொடக்க இடம் சமவாய்ப்பு முறையில் தெரிவு செய்யப்படுகிறது. நிரலாளர் எவரும் வரிசையை நம்பி எழுதிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். உறுதியில்லாத ஒன்றை உறுதியில்லாததாகவே காட்டுவது நேர்மையானது என்னும் கொள்கை இதில் வெளிப்படுகிறது. ஜாவாவும் 2017-இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அறிமுகமான மாறாத் தொகுப்புகளுக்கு இதே அணுகுமுறையைக் கைக்கொண்டது.

4. வருகை வரிசை உறுதியாக்கப்பட்டமை

இதற்கு நேரெதிரான வழியும் உண்டு. திறவுகோல்கள் உள்ளே வந்த வரிசையிலேயே வெளிவரும் என்று உறுதியளிப்பது அவ்வழி. பிஎச்பி மொழியின் அணிகள் இவ்வகையின. ஜாவா 2002-இல் 'லிங்க்ட்ஹாஷ்மேப்' என்னும் தனி வகையை அளித்தது. ரூபி 2007-இல் வெளிவந்த 1.9 பதிப்பில் தன் ஹாஷ் அட்டவணைக்கே இவ்வுறுதியை வழங்கியது.

பைத்தானின் வரலாறு கருதத்தக்கது. முந்தைய அமைப்பில் ஒவ்வோர் அறையிலும் ஹாஷ் எண், திறவுகோல், மதிப்பு ஆகிய மூன்றும் வைக்கப்பட்டன. வெற்றறைகளும் அவ்வளவு இடத்தை வீணே பிடித்தன. 2012-இல் ரேமண்ட் ஹெட்டிங்கர் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். இணைகளை வந்த வரிசையில் நெருக்கமாக ஒரு பட்டியலில் எழுதுதல். சிதறல் அட்டவணையில் அப்பட்டியலின் வரிசை எண்ணை மட்டும் வைத்தல். நூலின் பக்கங்கள் எழுதிய முறையிலேயே இருக்க, பின்னிணைப்பான சொற்குறிப்பு மட்டும் தனியே அமைவதோடு இதனை ஒப்பிடலாம். 2016-இல் 3.6 பதிப்பில் இவ்வமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நினைவகத் தேவை 20 முதல் 25 விழுக்காடு குறைந்தது. வருகை வரிசை பாதுகாக்கப்பட்டமை அப்போது அதன் பக்க விளைவு மட்டுமே. அதனை நம்ப வேண்டா என்றே ஆவணம் கூறியது. 2017 திசம்பரில் கைடோ வான் ரோசம் அதனை மொழியின் விதியாக அறிவித்தார். 2018-இல் வெளிவந்த 3.7 பதிப்பு முதல் அது உறுதியாயிற்று.

3.6, 3.7 ஆகிய இரு பதிப்புகளிலும் கண்ணுக்குப் புலப்படும் வரிசை ஒன்றே. முன்னதில் அது நிகழ்வு. பின்னதில் அது உறுதி. வெளியீட்டைப் பார்த்து இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது. ஆவணத்தைப் படித்தே அறிய இயலும். வரிசை தரவில் இல்லை, உறுதிமொழியில் உள்ளது என்னும் இக்கட்டுரையின் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

இவ்வுறுதிக்கும் வரம்புகள் உள்ளன. ஒரு திறவுகோலின் மதிப்பை மாற்றினால் அதன் இடம் மாறாது. ஆனால் அதனை நீக்கி மீண்டும் சேர்த்தால் அது இறுதிக்குச் செல்லும். பைத்தானில் 'செட்' எனப்படும் கணத்துக்கு இவ்வுறுதி இன்றுவரை இல்லை. ஒரு நூலின் தனிச்சொற்களைக் கணமாக மாற்றிப் பட்டியலிடும் நிரல், இயக்குந்தோறும் வேறு வரிசை தரலாம். ஜாவாஸ்கிரிப்டின் பொருள்களில் முழு எண் வடிவிலான திறவுகோல்கள் எப்போது சேர்க்கப்பட்டாலும் ஏறுவரிசையில் முன்னே வரும். பிற சரங்கள் வருகை வரிசையில் பின்னே வரும். பாடல் எண்களைத் திறவுகோலாக்குவோர் இதனை மனங்கொள்ள வேண்டும்.

5. திறவுகோல் வரிசையும் மதிப்பு வரிசையும்

சொற்களை மட்டும் ஒரு பட்டியலாகவும், எண்ணிக்கைகளை மட்டும் மற்றொரு பட்டியலாகவும் எடுத்து, பின்னர் இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சிடுவது ஒரு வழக்கம். முதற்பட்டியலின் ஐந்தாம் சொல்லுக்குரிய எண்ணிக்கை இரண்டாம் பட்டியலின் ஐந்தாம் இடத்தில் இருக்கும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை.

பைத்தானிலும் பெர்லிலும் இந்நம்பிக்கைக்கு ஆவண ஆதாரம் உண்டு. இரு பட்டியல்களையும் எடுக்கும் இடைவேளையில் அட்டவணை மாற்றப்படாதிருந்தால் அவை ஒத்தமையும். பெர்லில் வரிசை எதுவென்று கூற இயலாவிடினும், இரண்டும் ஒரே வரிசையில் இருக்கும். கோ மொழியிலோ ஒவ்வொரு வலமும் வேறு இடத்தில் தொடங்கக்கூடும். சொற்களை ஒரு வலத்திலும் எண்ணிக்கைகளை மறு வலத்திலும் திரட்டினால், ஒரு சொல்லின் எண்ணிக்கை வேறொரு சொல்லின் எதிரே சென்று அமரும். நிரல் பிழைச்செய்தி எதனையும் தராது. மொத்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஒவ்வோர் எண்ணும் உண்மையான எண்ணாகவே இருக்கும். உரிமை மட்டும் மாறியிருக்கும். இத்தகைய பிழையைக் கூட்டுத்தொகையைச் சரிபார்த்துக் கண்டறிய இயலாது.

திறவுகோலையும் மதிப்பையும் பிரிக்காமல் இணையாகவே எடுப்பது எம்மொழியிலும் பாதுகாப்பானது. அதற்குரிய வசதி மேற்கூறிய மொழிகள் அனைத்திலும் உள்ளது.

6. ஆய்வு முடிவில் வரிசையின் தாக்கம்

வரிசை என்பது வெளியீட்டின் தோற்றம் மட்டுமே, உள்ளடக்கத்தை அது பாதிக்காது என்று கருதலாகாது. மூன்று நிலைகளில் அது முடிவையே மாற்ற வல்லது.

முதலாவது, சமநிலைச் சொற்கள். ஆசிரியர் அடையாளம் காணும் நடையியல் ஆய்வுகள் ஒரு தொகுப்பில் மிகுதியாக வரும் சொற்களை அடிப்படையாகக் கொள்கின்றன. ஜான் பர்ரோஸ் 2002-இல் முன்வைத்த டெல்ட்டா முறை இவ்வகையினது. 'மிகுதியாக வரும் 100 சொற்கள்' என வரையறுக்கும்போது, 97 முதல் 104 வரையுள்ள இடங்களில் நிற்கும் எட்டுச் சொற்களும் ஒரே எண்ணிக்கை உடையனவாக இருக்கலாம். அவற்றுள் எந்த நான்கு ஆய்வுக்குள் வரும், எந்த நான்கு புறத்தே நிற்கும்? எண்ணிக்கையை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் நிரலில் இவ்வினாவுக்கான விடையை அட்டவணையின் வரிசையே தருகிறது. தொகுப்பு சிறிதாகச் சிறிதாக எண்ணிக்கைகள் குறைந்து சமநிலைகள் பெருகும். சங்கப் பாடல்களைத் தனித்தனியே ஒப்பிடும் ஆய்வில் இச்சிக்கல் கடுமையாகும்.

இரண்டாவது, கூட்டல் வரிசை. கணினி பதின்மப் பின்னங்களை இரும எண்களில் தோராயமாகவே சேமிக்கிறது. 0.1, 0.2, 0.3 ஆகியவற்றை இவ்வரிசையில் கூட்டினால் பைத்தான் 0.6000000000000001 என்றும், தலைகீழாகக் கூட்டினால் 0.6 என்றும் காட்டும். வேறுபாடு மிகச் சிறிது; ஆனால் இரண்டு மதிப்பெண்களுள் எது பெரிது என்று ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிரலில் அதுவே திருப்பமாகக்கூடும்.

மூன்றாவது, உள்ளீட்டு வரிசை. வருகை வரிசை உறுதியாகிவிட்ட மொழிகளில் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒரு படி பின்னுக்குப் பெயர்ந்துள்ளது. சொற்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பது கோப்புகள் எந்த வரிசையில் படிக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. ஒரு கோப்புறையின் கோப்புகளைப் பட்டியலிடும் செயல் வரிசைக்கு உறுதியளிப்பதில்லை. இயங்குதளத்துக்கேற்ப அது மாறும். இதன் விளைவு வேதியியலில் வெளிப்பட்டது. மூலக்கூறுகளின் காந்த ஒத்ததிர்வு மதிப்புகளைக் கணக்கிட 2014-இல் 'நேச்சர் புரோட்டோகால்ஸ்' இதழில் வெளியிடப்பட்ட பைத்தான் நிரல்கள், ஒரே தரவுக்கு வெவ்வேறு இயங்குதளங்களில் வெவ்வேறு விடை தருவதை ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் 'ஆர்கானிக் லெட்டர்ஸ்' இதழில் அறிவித்தனர். கோப்புப் பட்டியல் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கிடைக்கும் என்று நிரல் கருதியிருந்ததே காரணம். பட்டியலை வரிசைப்படுத்தும் ஒரு சிறு கட்டளையே திருத்தமாக அமைந்தது. ஐந்தாண்டுகள் பலராலும் பயன்படுத்தப்பட்ட கருவியில் இப்பிழை கண்ணிற் படாதிருந்தது என்பது எண்ணத்தக்கது.

7. அகர வரிசையும் குறியெண் வரிசையும்

'அட்டவணையின் வரிசையை நம்பாதீர். வரிசைப்படுத்தி வெளியிடுங்கள்' என்பதே இதுவரை கூறியவற்றின் சாரம். தமிழுக்கு இவ்வறிவுரை மட்டும் போதாது. நிரல்மொழிகளின் இயல்பான வரிசையாக்கம் யூனிகோடு குறியெண்களை ஒப்பிடுகிறது. தமிழ் மெய்களின் குறியெண் வரிசை இலக்கண வரிசையோடு ஒத்ததன்று.

யூனிகோடு அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. லகரத்துக்குப் பின் ளகரம், ழகரம், வகரம் என்ற முறை உள்ளது. தமிழ் மரபிலோ வகரத்துக்குப் பின் ழ, ள, ற, ன என்பதே வரிசை. எனவே பழம், பளிங்கு, பறவை, பனை என்று அகராதியில் அமைய வேண்டிய சொற்கள், குறியெண் வரிசையில் பனை, பறவை, பளிங்கு, பழம் என முற்றிலும் தலைகீழாகின்றன.

புள்ளியின் நிலையும் இத்தகையதே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னர் வருவதால் 'அக்கா' முன்னும் 'அகம்' பின்னும் நிற்கும். யூனிகோடில் புள்ளி உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்ட குறியெண் உடையது. ஆதலின் குறியெண் வரிசையில் 'அகம்' முந்தும். இவ்வரிசையில் வெளியிடப்படும் சொல்லடைவு, தமிழறிந்த பயனாளருக்குச் சொல் இருந்தும் கிடைக்காத சொல்லடைவாகும். யூனிகோடு கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பில் தமிழுக்கான வரிசை விதிகள் உள்ளன. ஐசியு என்னும் நிரல்நூலகத்தின் வழியாக அவற்றைப் பயன்படுத்தலாம்.

வரிசைக்கு முன்னரே தீர்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என்னும் இரண்டின் தொடராகவும் எழுதலாம். 'கொடி' என்ற சொல் இவ்விரு முறைகளிலும் திரையில் ஒன்றாகவே தோன்றும். ஹாஷ் அட்டவணைக்கோ அவை இருவேறு திறவுகோல்கள். ஒரு சொல்லின் எண்ணிக்கை இரண்டாகப் பிளவுபட்டு, தரவரிசையில் அது கீழிறங்கும். யூனிகோடு வரையறுத்துள்ள இயல்பாக்கத்தைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் இக்குறை நீங்கும்.

8. கடைப்பிடிக்கத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

அ. உள்ளீட்டுக் கோப்புகளை ஒரு வரையறுத்த வரிசையில் படித்தல்; படித்தவுடன் யூனிகோடு இயல்பாக்கம் செய்தல்.

ஆ. திறவுகோலையும் மதிப்பையும் இணையாகவே எடுத்தல்.

இ. எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும்போது, சமநிலையைத் தீர்க்கும் இரண்டாம் விதியாக அகர வரிசையைச் சேர்த்தல்.

ஈ. எல்லைக்கோட்டில் சமநிலை இருப்பின் அச்சொற்கள் அனைத்தையும் சேர்த்தோ விலக்கியோ ஆய்வைச் செய்து, அம்முடிவைக் கட்டுரையில் குறிப்பிடுதல்.

உ. பயன்படுத்திய நிரல்மொழியையும் அதன் பதிப்பெண்ணையும் பதிவு செய்தல்.

ஊ. நிரலைப் பலமுறை இயக்கியும், கோப்புகளின் வரிசையை மாற்றி இயக்கியும் முடிவு மாறாமையை உறுதிப்படுத்துதல்.

இவற்றுள் இறுதி நெறி எளிது. எனினும் அதுவே பெரும்பயன் தருவது. வரிசை மாற விடை மாறுமாயின், அவ்விடையில் நூலின் இயல்போடு கருவியின் இயல்பும் கலந்துள்ளது என்பது தெளிவு.

முடிவுரை

ஹாஷ் அட்டவணை சொற்களை விரைந்து கண்டெடுப்பதற்காகச் சிதறடித்து வைக்கும் அமைப்பு. அதிலிருந்து வெளிவரும் வரிசை சில மொழிகளில் அறைக் கணக்கின் விளைவு. சிலவற்றில் திட்டமிட்ட கலைப்பு. சிலவற்றில் வருகை வரிசை. கணக்கின் விளைவும் உறுதியான வரிசையும் வெளியீட்டில் ஒரே தோற்றம் கொள்ளக்கூடும். ஆதலின் கண்ட வரிசையைக் கொண்டு விதியை ஊகிக்கலாகாது. நிகண்டு முதல் பேரகராதி வரை, தமிழில் தொகுத்தோர் தாம் கொண்ட வரிசையைத் தாமே தெரிந்து அமைத்தனர். கணினி வழித் தொகுப்பிலும் அப்பொறுப்பு தொகுப்பாளருடையதே. சொல்லடைவின் முன்னுரையில் மூலநூற் பதிப்பைக் குறிப்பிடுவதுபோல, வரிசைப்படுத்திய விதியையும் குறிப்பிடும் வழக்கம் உருவானால், ஓர் ஆய்வாளர் பெற்ற முடிவை மற்றொருவர் மீண்டும் பெற்றுச் சரிபார்க்க இயலும்.